சூரியன் மேல் போட்ட பழி

மார்ச் 9
மதியம் பேச வேண்டிய மீன்பிடிப் படகுகள் எதுவும் பேசவில்லை. துறைமுக ரேடியோ அறையில் காது வலிக்க உட்கார்ந்திருந்தேன், வெறும் இரைச்சல். பயமில்லை. முந்தாநாள் சூரியன் வெடித்துத் துப்பியது இன்று வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரும் கடலில்தான் இருக்கிறார். பழைய படகு, அவரும் ஒரு சமையல்காரரும் மட்டும். பேச ரேடியோவை விட்டால் வேறு வழி கிடையாது.

இருட்டியதும் இந்த வடதுருவத்துப் பக்கத்து ஊரிலேயே காணாத அளவுக்கு வானம் பூராவும் பச்சை. தெருவே வெளியில் வந்து வாய் பிளந்து நின்றது. இது என்ன என்று மகள் கேட்டாள். சூரியன் துப்பிய துகள்களைப் பூமியின் காந்தம் துருவத்துப் பக்கம் திருப்பிவிடுகிறது, அவை மேல்காற்றில் மோதும்போது காற்று ஒளிர்கிறது என்றேன். அந்தப் பச்சையும் உச்சியில் தெரியும் சிவப்பும் ஆக்ஸிஜன். நம் ரேடியோ குரலும் மேல்காற்றில் பட்டுத்தான் கீழே வரும். அது கலங்கிக் கிடந்தால் குரல் வராது.

"அப்போ அப்பா பேசறதை இதுதான் முழுங்கிடுச்சா?"

ஆமாம் என்றேன், பெருமையாக.

மார்ச் 10
இன்றும் இரைச்சல். நாத்தனார் வந்து அழுதாள். "அண்ணி, எனக்கு மனசே சரியில்ல. தேடச் சொல்லுங்க." சூரியனைத் தேடவா படகு அனுப்புவது என்று கேலி செய்து அனுப்பிவிட்டேன். மீட்புப் படைக்காரர் கேட்டபோதும் தேவையில்லை என்றே சொன்னேன்.

மார்ச் 11
இரைச்சல் அடங்கிவிட்டது. காலையிலிருந்து ஒவ்வொரு படகாகப் பேசுகிறது. அவர் படகு மட்டும் இல்லை.

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. மீட்புப் படை இப்போதுதான் கிளம்புகிறது — ரெண்டு நாள் கழிச்சு. நான்தானே வேணாம்னேன். நானேதான். படிச்ச படிப்பெல்லாம் எதுக்கு? வானத்தில் இன்னும் லேசாகப் பச்சை. பார்க்கவே பிடிக்கல.

மார்ச் 12
இல்லை.

மார்ச் 13
நாத்தனார் என்னிடம் பேசுவதில்லை. திட்டினாலாவது தேவலை. மகளுக்குச் சாப்பாடு போடுவது அவள்தான். படகில் நாலு நாளுக்குத்தான் குடிதண்ணீர் ஏற்றுவார்கள். இன்றோடு தீர்ந்திருக்கும். கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன்?

மார்ச் 15
கிடைத்துவிட்டார். அவரும் சமையல்காரரும், உயிரோடு.

ஒன்பதாம் தேதி காலையிலேயே எஞ்சின் நின்று, தண்ணீர் புகுந்து, பேட்டரி போய், ரேடியோ செத்திருக்கிறது. சூரியனுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. உதடெல்லாம் வெடித்துப்போய் ஆஸ்பத்திரியில் தூங்குகிறார். பக்கத்துக் கட்டிலிலிருந்து சமையல்காரர்தான் சொன்னார்: முதல் நாள் வானம் பச்சையானதைப் பார்த்ததுமே இவர் தண்ணீர்க் கேனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாராம்:

"என் பொண்டாட்டி சூரியன் மேல பழியைப் போட்டுட்டு ரெண்டு நாள் நிம்மதியா உக்காந்திருப்பா. அதுவரைக்கும் யாரும் தேடி வர மாட்டாங்க. இனிமே பாதி டம்ளர்தான்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன்.