எதிர் ஜன்னல்

பியெத்ராகூபா, 3 செப்டம்பர் 1984

அன்புள்ள தம்பி ரொக்கோவுக்கு,

பூகம்பத்தில் நம் கோயில் மணிக்கூண்டு பிளந்ததற்கு அடுத்த வருஷம், ரோமில் போப்பாண்டவரைச் சுட்டார்களே, அந்த மே மாதம் நீ வந்திருந்தாய். திரும்பும்போது பஸ் படியில் நின்று சொன்னாய்: "அண்ணே, நம்ம கொன்செத்தா அக்காவ தெனம் காலையில ஒரு வார்த்த கேளு." மூன்று வருஷம் நாலு மாதமாகக் கேட்கிறேன்.

"கொன்செத்தா, என்ன பண்ணிட்டிருக்கே?"

"உன் கருமாதிக்கு அவரைக் கொட்ட ஊறப் போட்டுட்டிருக்கேன்!"

"உப்ப மறந்துடாதே."

மற்றவர்கள் பூகம்பத்துக்கு அப்புறம் கீழே போட்ட கொட்டகை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சந்தில் திறப்பது எங்கள் இரண்டு ஜன்னல்கள்தான். திருவிழாவுக்குக்கூட நீ வரவில்லை. புகையிலைக் கடை எர்சிலியா எழுதித் தருகிறாள். அவளும் உன்னைத் திட்டுகிறாள்.

உன் அண்ணன் நுன்சியோ, கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி.

*

18 செப்டம்பர், செவ்வாய்

அன்புத் தம்பிக்கு,

ஞாயிறன்று அவளோடு வாய்ச்சண்டை. "கேக்க மட்டும் தெரியுது. எறங்கி வந்து தக்காளிக் கூடைய ஒரு கை புடிச்சா என்ன?" என்றாள். "நான் என்ன உன் புருஷனா?" என்றேன். ஜன்னலைப் படாரென்று சாத்திக்கொண்டாள். கோபம் வந்தால் நம் சந்தில் அப்படித்தானே. நீ கவலைப்படாதே. இன்று காலையும் கேட்டேன். காயவைக்க மிளகாய் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

நுன்சியோ, சிலுவைக் குறி.

*

தூரின், 9 அக்டோபர்

அண்ணா,

அடக்கத்தன்று கேட்க வாய் வரவில்லை. டாக்டர் சொன்னார்: அக்கா திங்கட்கிழமை காலையிலேயே விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. புதன்கிழமை மாலைவரை உயிர் இருந்திருக்கிறது. வியாழன்தான் கதவை உடைத்திருக்கிறீர்கள்.

உன் கடிதத்தில் செவ்வாய் என்று இருக்கிறது. அன்று உனக்குப் பதில் சொன்னது யார்?

ரொக்கோ

*

பியெத்ராகூபா, 3 டிசம்பர்

ரொக்கோ,

உன் கேள்விக்கு இது மூன்றாவது பதில் கடிதம். முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. அவற்றில் சுற்றி வளைத்தேன். இதில் நேராகச் சொல்கிறேன். எர்சிலியா எழுத மாட்டேன் என்றாள். "அந்தப் பொய்யையும் என் கையாலதானே எழுத வெச்சே!" என்றாள். அப்புறம் எழுத உட்கார்ந்தாள்.

செவ்வாயன்று நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேயில்லை. திங்களன்று அவள் ஜன்னல் சாத்தியே இருந்தது. கோபம் தணியவில்லை, முதலில் அவள் திறக்கட்டும் என்று இருந்தேன். செவ்வாயும் அப்படியே. மிளகாய் கோத்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையில் அவள் வீட்டில் தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. என்னைச் சீண்டுகிறாள் என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

மன்னிப்பு கேட்கவில்லை. கொடுக்க வேண்டியவள் அவள். நீயும் வராதே.

அம்மா பெற்றது ஆறு. லூச்சியா மலேரியாவில், தொட்டிலிலேயே. வித்தாலே ஆப்பிரிக்கா சண்டையில், 1936-ல். சவேரியோ பெல்ஜியம் சுரங்கத்தில். இப்போது கொன்செத்தா. என்னைச் சேர்க்காதே. உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான், ரொக்கோ.