அளக்கும்போது பேசக்கூடாது

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கிருந்து நினைத்துக்கொள்ள மட்டும்தானே முடிகிறது. நான் சுகம் என்று எழுதினால் பாதி உண்மை. சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, பிரஷர் கேட்பதில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒன்று தொடங்கினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சீக்கிரம் என்னைக் கரை சேர்க்கப் பார்க்கிறாய், பின்னால் மாப்பிள்ளை தொண்டையைக் கனைக்கிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே வரமுடியாது. முழுக்கப் படி. உன் பெரியப்பாவைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு ஒரு நர்ஸ் வாராவாரம் வகுப்பு நடத்துகிறாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பாதி நிறையக் காய் வரைந்த ஒரு தட்டின் படம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி என்னை அங்கே தள்ளிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கல்லூரியில் பாடம் நடத்தியவன், துறைத் தலைவர் நாற்காலியை மட்டும் என்னிடம் படித்தவனுக்கே தூக்கிக் கொடுத்த கல்லூரி அது, கடைசியில் பெஞ்சுப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். சோற்றைக் குறை, உப்பு டப்பாவைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துவிடு, தினமும் கால் விரல்களை விரித்து இடுக்கைப் பார், தலை சுற்றவில்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதே, இவைதான் பாடம். எங்களில் ஒரு வக்கீல் இருக்கிறார், பையில் எப்போதும் பிஸ்கட், பட்டப்பெயரும் பிஸ்கட்தான். "சுகர் இல்லாத பிஸ்கட்டும்மா இது" என்று அவர் வாதாடுவார். "மாவு இருக்குல்ல சார், அது உள்ளே போய் என்னவா மாறும்னு கேஸ் போட்டுப் பாருங்க" என்பாள் அவள். சிரிப்பும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு வாரம் நான் போனபோது உன் பெரியப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். உனக்குத் தெரியாதது இல்லை. உன் அம்மாவை எடுத்த அன்று வாசல் கொள்ளாமல் ஆட்கள் நின்றார்கள், இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் கூடப்பிறந்தவர் மட்டும் வரவில்லை. நீகூட விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, அது வேறு, உன்னைச் சொல்லவில்லை. அன்று விட்ட பேச்சை நான் திரும்ப எடுக்கவில்லை. பதிவு நோட்டைப் பார்த்த நர்ஸ், "இனிஷியலும் ஒண்ணு, மூக்கும் ஒண்ணு, அண்ணன் தம்பியா?" என்று கேட்டாள். அவர் "ஆமா" என்றார், அதே நேரத்தில் நான் "இல்லை" என்றேன். பிஸ்கட் வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, எங்கள் இரண்டு பேரையுமே ஒரு ஜோடியாகப் போட்டுவிட்டாள். அவள் முறை அது, ஜோடியில் ஒருவர் சாயங்காலம் நடந்துவிட்டு வந்ததும் இன்னொருவருக்குப் போன் செய்து சொல்லவேண்டும், ஒருவருக்கொருவர் காவல். மாற்றித் தரச் சொன்னேன், கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் என் போன் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது. மிஸ்டு கால். நடந்துவிட்டாராம். நானும் நடந்துவிட்டு வந்து ஒரு ரிங் கொடுத்துத் துண்டித்தேன். மாதக்கணக்கில் எங்கள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான், உன் அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்திருப்பாள். வீட்டில் பார்த்தால் என் பிரஷர் அடங்கியிருக்கும், வகுப்பில் ஏறும். "சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தா ஏறும், உங்களுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தா ஏறுது சார்" என்றாள் அவள். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கவேண்டும், கால்மேல் கால் போடக்கூடாது, கை மேசைமேல் இருக்கவேண்டும், முக்கியமாக வாயைத் திறக்கக்கூடாது, பேசினால் அளவு ஏறிக் காட்டும். இதில் அவள் ரொம்பக் கண்டிப்பு. அன்று ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தோம், என் கையில் பட்டையைச் சுற்றிக் கருவியை அழுத்தியாகிவிட்டது. அப்போது உன் பெரியப்பா என் பக்கம் திரும்பி, "தம்பி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார். அத்தனை காலம் கழித்து என்னைத் தம்பி என்றார். அவள் எங்களைப் பார்க்காமலே "உஷ், அளக்கும்போது பேசக்கூடாது ஐயா, எத்தனை தடவை சொல்றது" என்றாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டார். பட்டை இறுகித் தளர்ந்தது. முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கருவியில் தெரிந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்குப் பரவால்ல" என்றார், எழுந்துபோனார். ஆரம்பித்தவர் அவர், முடிக்கவேண்டியவரும் அவர்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. குளியலறையில் விழுந்துகிடந்தாராம். ஸ்ட்ரோக். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தேன், ஆச்சரியப்படாதே. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, கண் மட்டும் என்னைவிட்டு நகரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன். கோபம்தான் வந்தது எனக்கு. இத்தனை நாள் என் தலையில் ஏற்றி வைத்த கேள்விக்குப் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டார் என்று. தெரு முனைவரை அந்தக் கோபம் இருந்தது, அதற்குப் பிறகு அது கோபமாக இல்லை, வேறு என்ன என்று எழுதத் தெரியவில்லை.

பெரியம்மாவிடம் மட்டும் கேட்டேன், அன்று ஏன் வரவில்லை என்று. "என்கிட்டயும் சொன்னதில்ல தம்பி. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வாசல்வரைக்கும் போனார். செருப்பைக்கூட மாட்டிட்டார். திரும்பி வந்து அப்படியே உட்கார்ந்துட்டார். அன்னைக்கு முழுக்கச் செருப்பைக் கழட்டல" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வராமல் இருந்தவர் என்றால் ஒரு கணக்கு, கிளம்பி நின்றவர் என்றால் வேறு கணக்கு. நீ எனக்குத் தெரியாமல் அவரோடு போனில் பேசுவாய் என்று எனக்குத் தெரியும், அதற்காகவும் உன்மேல் வருத்தம் உண்டு. உன்னிடம் அவர் காரணம் சொல்லியிருந்தால் எனக்கு எழுதாதே. அது அவர் வாயிலிருந்து வரவேண்டியது, வேறு யார் மூலமும் எனக்கு வேண்டாம்.

விஷயம் தெரிந்ததும் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தாரு சார். நான்தானே அடக்கினேன்" என்றாள், கண் கலங்கிவிட்டது. பழி போட எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம், உனக்கே தெரியும். இவள்மேல் போடத்தான் வரவில்லை. "நீ உன் வேலையைத்தானே பார்த்தேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு இப்போது ஜோடி பிஸ்கட் வக்கீல். தினமும் போன் செய்து அரைமணி நேரம் பேசுகிறார், நடந்தாரா என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. உன் பெரியப்பாவின் எண். பெரியம்மாவை விசாரித்தேன், அன்றுதான் கம்பியைப் பிடித்து நிற்கவைத்தார்களாம், இடது கையால் போனைக் கேட்டு வாங்கினாராம். நின்றதையே நடந்ததாகக் கணக்கு வைத்துவிட்டார். நான் அன்று வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைவரை போய்த் திரும்பி வந்து அப்புறம் ஒரு ரிங் கொடுத்தேன். நடக்காமல் கொடுத்தால் பொய் ஆகிவிடும். அவருக்கு என்னால் செய்ய முடிகிறது இவ்வளவுதான், மன்னிப்பு என்று யாரும் பெயர் வைக்கவேண்டாம்.

நீ பேசும்போது மிஸ்டு கால் கொடுக்காதே, நன்றாகப் பேசு, பெரியம்மா போனை அவர் காதில் வைப்பார். எல்லாம் கேட்கிறதாம். இரண்டு பேரும் நன்றாக இருங்கள், என் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு, அம்மாவின் ஆசியும் சேர்த்துத்தான். ஒன்றை மறக்காதே, இது நம் குடும்பத்தில் ஓடுகிற வியாதி, உனக்கும் வயது ஆகிறது, பிரஷரைப் பார்த்துக்கொள். சாய்ந்து உட்கார், காலைத் தரையில் வை, பேசாதே. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் அதைக் கேள். அளவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா