ஆள் இருக்கும் வீட்டின் சாவி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம், அம்மாவின் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றனவா என்று கேட்கச் சொன்னாள் அம்மா. மனசு என்பதைத் தனியாகக் கேட்கச் சொன்னாள். கையில் மாவுக்கட்டு இருப்பதால் இது அம்மா சொல்ல நான் எழுதும் கடிதம். அவள் கோபத்தில் வேகமாகச் சொல்கிறாள், ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லும்போதே செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடுகிறாள், அதனால் நடந்ததை வரிசைப்படுத்தி என் நடையில் எழுதி, பக்கம் பக்கமாக அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவள் தலையாட்டியது மட்டும்தான் இதில் இருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாயாம். "தாள்ல இருந்தா முழுசாப் படிச்சுத்தானே ஆகணும்" என்றாள்.

நம் கட்டடத்தின் அடித்தளத்தில் விரிசல், மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது உனக்குத் தெரியும். போன வாரம் முழுவதும் வீடு தேடினோம். எனக்குப் பள்ளி விடுமுறை, அம்மா சலவைக் கடையில் தினமும் அரை நாள் லீவு சொன்னாள், அப்பா பஸ்ஸில் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டார். வீடு தேடுவது என்றால் பூட்டிய கதவைத் திறந்து ஜன்னல் வழியாக வெளிச்சம் பார்ப்பது என்று நான் நினைத்திருந்தேன். அது மற்றவர்களின் அழுக்குக்குள் வரிசையில் நின்று நுழைவது. திங்கட்கிழமை பார்த்த வீட்டில் குளியலறை வடிகால் மூடியைத் தூக்கினால் செத்த எலி போல ஒரு முடிக்கொத்து. அம்மா பின்வாங்கினாள். புரோக்கர் கொஞ்சமும் கூசாமல், "முன்னாடி இருந்தவங்களுக்கு நல்ல நீள முடிங்க" என்று பெருமையாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வீட்டின் சொந்தக்காரி, சமையலறையைத் தானும் பயன்படுத்துவேன், அது ஒன்றுதான் நிபந்தனை என்றாள். பிரிட்ஜைத் திறந்து காட்டினாள். வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரில் அவளுடைய பல்செட். "குளிர்ச்சியா இருந்தா காலையில சுகமா இருக்கும்மா" என்றாள். அப்பா வெளியே வந்தபின், அந்த வீட்டில் வெண்ணெயைக்கூட யாரோ கடித்து வைத்ததுபோலத்தான் தோன்றும் என்றார். அன்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நகம் வெட்டிக்கொண்டு வந்தார், ஒன்று பறந்து என் புத்தகத்தின் நடுவில் விழுந்தது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. புதன்கிழமை பார்த்தது ஒரு பொரிப்புக் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள். கடையின் புகைக்குழாய் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. சுவர் வியர்த்தது போல இருந்ததால் விரலால் என் பெயரின் முதல் எழுத்தை எழுதிப் பார்த்தேன், எண்ணெயில் அழகாக விழுந்தது. "ஊர் அழுக்கையெல்லாம் துவைச்சுப் பிழைக்கிறவ நான், எனக்கே குமட்டுது" என்றாள் அம்மா. அந்த வீட்டுக்கு எண்ணெய் வீடு என்று பெயர் வைத்துவிட்டு ஓடி வந்தோம்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்தோம். அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற நில அளவையாளர், ஞாயிறுதோறும் ஒரு குழுவை மலைக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர், அதனால் அம்மா அவருக்கு மலைக்காரர் என்று பெயர் வைத்தாள். வீடு அவ்வளவு சுத்தம். உனக்கு ஒரு சின்ன அறை, எனக்கு ஜன்னலோரம் மேஜை போடும் அளவுக்கு இடம், ஓதமில்லாத சுவர். ஆனால் உள்ளே சாமான்கள் இருந்தன. யாரோ உறவுக்காரர் போட்டு வைத்திருக்கிறார் என்றார். அண்ணா, போட்டு வைத்த சாமான் போல அவை இல்லை. ஹீட்டர் கம்பியில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி காய்ந்துகொண்டிருந்தது, குதிகால் கிழிந்த இடத்தை மஞ்சள் நூலால் பாய் முடைந்ததுபோல் அடைத்திருந்தார்கள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு நேர்த்தியாக இழை ஓட்டுகிறவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று வியந்தாள். தேநீர்க் கோப்பையின் அடி ஈரமாக இருந்தது. அம்மா அலமாரிகளைத் திறந்து ஆழம் பார்த்தாள், அரிசி ஜாடியின் மூடியைக்கூடத் திறந்து பூச்சி இருக்கிறதா என்று முகர்ந்தாள். கட்டில் பக்கத்தில் ஒரு தடித்த நாவல் இருந்தது, நான் எடுத்து நின்றபடியே நான்கு பக்கம் படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளமாக வைத்திருந்த பஸ் டிக்கெட் கீழே விழுந்துவிட்டது, மலைக்காரர் கிளம்பலாம் என்று அவசரப்படுத்தியதில் ஏதோ ஒரு பக்கத்தில் அதைச் செருகிவிட்டு வந்தேன்.

நீயும் அங்கே வீடு காட்டும் புரோக்கர் வேலையில் இருப்பதால், அன்று மாலை அம்மா உன்னிடம் போனில் இதையெல்லாம் சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுதச் சொல்கிறாள். "சாமான் இருந்தா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்மா. நாங்களும் அவங்க வேலைக்குப் போன நேரமாப் பார்த்துத்தான் காட்டுவோம். முன்னாடியே சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க, வர்றவங்ககிட்ட வீட்டுக் குறையெல்லாம் அடுக்குவாங்க. கடைசி வாரத்துல சொன்னாப் போதும். எங்க தொழில்ல இதெல்லாம் சகஜம்." இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள், அதை எழுதாமல் விட்டுவிடாதே என்கிறாள். என் பிள்ளை தொழில் தெரிந்தவன் என்று அப்பாவிடம் சொல்லவும் செய்தாள்.

மலைக்காரருக்கு ஒரு வழக்கம். யாருக்கு வீடு கொடுப்பது என்பதை மலையில்தான் முடிவு செய்வாராம், ஏற்றத்தில் நடக்கிற விதத்தைப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடுமாம். மலையில் வீட்டுப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது குழுவின் விதி என்றும் சொல்லி அனுப்பினார். வீடு வேண்டுமே, அதனால் ஞாயிறன்று பனி கொட்டிக் கிடக்கும் மலையில் நாங்களும் ஏறினோம். சலவைக் கடையில் யாரோ வாங்க மறந்த கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள் அம்மா. பனி அழகாகத்தான் இருந்தது, மிதிக்காத இடத்தில் நீலமாகத் தெரிந்தது. ஆனால் முன்னால் நடந்த மலைக்காரர் இருபது அடிக்கு ஒருமுறை ஒரு மூக்குத் துளையை விரலால் அடைத்து மறு துளை வழியாகப் பனியில் சிந்தினார், நாங்கள் அந்தப் புள்ளிகளை ஒட்டியே நடந்தோம். பிறகு, "நல்லா நடக்கறீங்க சார்" என்று அதே கையால் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா ஓடை வரும்வரை அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தார். இருபது வருடம் பஸ் ஓட்டியும் இந்த மாதிரி ஒரு கியரைத் தொட்டதில்லை என்று என் காதில் சொன்னார்.

பாதி வழியில் ஒரு மரக்குடிசையில் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா, நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து பைண்டிங் செய்கிறவர். ஈரப் பலகையில் உட்காராதே என்று தன் பையிலிருந்து தடித்த பைண்டிங் அட்டை ஒன்றை எடுத்து எனக்குப் போட்டார். அவரோடு எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. அவர் பூட்ஸைக் கழற்றி ஈரக் காலுறையைப் பிழிந்தபோது அம்மா என் முழங்கையை அழுத்தினாள். சாம்பல் நிறம், குதிகாலில் மஞ்சள் நூல். எந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டுவிட்டேன். மூன்றாவது மாடி, பதினோரு வருடமாக இருக்கிறேன், வீட்டுக்காரர் நல்ல மனிதர், அதனால்தான் முட்டி வலித்தாலும் அவர் குழுவுக்கு வருகிறேன் என்றார் அக்கா. அம்மா தேநீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள், கோப்பை காலியான பிறகும்.

மேலே ஏறும்போது அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், நாம் இல்லாவிட்டால் வேறு யாராவது வரத்தான் போகிறார்கள், நமக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, வாயைத் திறக்காதே என்றாள். இதையும் எழுதச் சொன்னவள் அவள்தான். இறங்கும்போது அக்கா என்னோடு நடந்தார். என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வளைவு இறங்கினார். பிறகு, "எனக்கு இனிமே படிக்கவே பயமா இருக்கும்மா" என்றார். "அடையாளம் வச்ச பக்கம் ஒண்ணு, எடுக்கும்போது இருக்கற பக்கம் வேற. ரெண்டு மாசமா இப்படித்தான். ஜாடியத் திருகி மூடினேன்னு நினைக்கிறேன், சாயங்காலம் பார்த்தா தளர்ந்து கிடக்கு. சாத்தின அலமாரி திறந்திருக்கு. எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது, கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க. புதன்கிழமை டாக்டரப் பார்க்கப் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாத, வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க."

அண்ணா, எனக்கு வாந்தி வருவது போல இருந்தது. அந்த வாரம் பார்த்த முடிக்கொத்து, பல்செட், நகம் எதற்கும் அப்படி வரவில்லை. இரண்டு மாதமாக எத்தனை குடும்பம் அவர் ஜாடியை முகர்ந்திருக்கும். எங்களுக்கு ஓரடி பின்னால் வந்த அம்மாவும் கேட்டுவிட்டாள். கேட்ட இடத்திலேயே கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பைண்டிங் அக்காதான் முதலில் மண்டியிட்டார். நான் உட்கார்ந்திருந்த அட்டையை மடித்து மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, தன் மப்ளரைக் கிழித்து, புத்தகத்தின் முதுகுக்குத் துணி சுற்றுவது போல இழுத்துச் சுற்றினார். கை அவர் கையில் இருக்கும்போதே அம்மா சொன்னாள். "அக்கா, நீங்க டாக்டர்கிட்டப் போக வேண்டாம். உங்களுக்கு எதுவும் மறக்கல. வியாழக்கிழமை உங்க வீட்டுக்குள்ள நாங்க வந்தோம். அந்த ஜாடியத் திறந்தவ நான்தான்." சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. புத்தகத்தைத் தொட்டது யார் என்று அவர் கேட்டார். நான்தான் என்றேன், டிக்கெட் இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்தது என்றேன். அவர் பக்க எண்ணை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, எனக்குப் பைத்தியமில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று பனியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். முடிச்சை இறுக்கிப் போட்ட பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. நேராக மலைக்காரரிடம் போய், எல்லோர் முன்னாலும், என் வீட்டுக்குள் எத்தனை பேரைக் கூட்டிவந்தீர்கள் என்று கேட்டார். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மலையில் வீட்டுப் பேச்சு கூடாது என்றார். அக்கா நகரவில்லை என்றதும், "வீட்டுக்காரன்கிட்ட ஒரு சாவி இருக்கும்மா, வந்து காட்டுறதெல்லாம் சகஜம்" என்றார். அம்மா வலியோடு வலியாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் குரலைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அது எனக்கும் கேட்டது.

அந்த வீடு எங்களுக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஏற்றத்தில் நன்றாக நடந்தோம், வாயில்தான் சறுக்கிவிட்டோம் என்றார் அப்பா. அக்கா மறுநாளே பூட்டை மாற்றிவிட்டார், கோடை முடியும்வரை ஒப்பந்தம் இருக்கிறதாம், அதற்கு முன் யாராலும் அவரை வெளியேற்ற முடியாதாம். அதன் பிறகு என்ன என்று தெரியவில்லை. நாங்கள் எண்ணெய் வீட்டைப் பிடித்திருக்கிறோம். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் மூன்று நாளாகச் சுவரைத் தேய்க்கிறோம், அம்மா இடது கையால். வழிகிற தண்ணீர் பழுப்பு நிறம், பிழிந்த துணியிலிருந்து பழைய எண்ணெய் வாடை, சாப்பாட்டில் ஒரு வாய் வைத்தாலும் அதே வாடை. யாருடைய எண்ணெயோ தெரியவில்லை, ஆனால் யாரும் இதில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்றாள் அம்மா.

அம்மா இனி நேராக உனக்குச் சொல்கிறாள், அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "வேலைய விடுன்னு சொல்லல. உன் இடுப்புல தொங்குற கொத்துல ஆள் இருக்கற வீட்டுச் சாவி எத்தனைன்னு எண்ணிப் பாரு. அந்த வீட்டுக் கதவையெல்லாம் சாயங்காலம் அவங்க இருக்கற நேரமாப் பார்த்துத் தட்டு. தட்டி, இத்தனை பேரக் கூட்டிட்டு வந்தேன், இதையெல்லாம் தொட்டோம்னு சொல்லு. திட்டுவாங்க. வாங்கிக்கோ. எவ எவ தனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு தனியா உட்கார்ந்து பயந்துட்டு இருக்காளோ." அம்மா சொன்னதுதான் என்றார் அப்பாவும்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். வெறும் ரொட்டியைத் தின்று நாளைக் கழிக்காதே. தூக்கத்தை விட்டுவிட்டு வேலை பார்க்காதே. எந்த ஊரில் இருந்தாலும் உன்னால் யாருக்கும் மனக்கஷ்டம் வராமல், நோய் நொடி இல்லாமல், நிமிர்ந்து நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறார்கள். எண்ணெய் வீட்டின் விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. சொந்தக்காரர் எங்களுக்கு மூன்று சாவி கொடுத்தார். எப்போதும்போல மூன்றாவதை உனக்கு இந்த உறையில் வைக்க எடுத்தேன், அம்மா கையை நீட்டி வாங்கி ஆணியில் மாட்டிவிட்டாள். வரும்போது கதவைத் தட்டச் சொல்கிறாள். நாங்கள் உள்ளேதான் இருப்போம்.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தோடும் பாசத்தோடும்,
அம்மா
(இடது கையால் போட்டது, கோணலாகத்தான் இருக்கும்)

எழுதியவள்: உன் தங்கை