கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பாராதவருக்கு

இன்று காலையும் நகர வனப் பூங்காவில் என்னைக் கூப்பிட்டீர்கள். சின்னதாய் இரண்டு சீட்டி, பிறகு நீளமாய் ஒன்று, அந்த நீளமான சீட்டியின் நடுவில் புஸ்ஸென்று காற்றுப் போகும் சத்தம். முன்பல்லைப் பிடுங்கிய பிறகு உங்கள் சீட்டியில் விழுந்த ஓட்டை அது. திருப்பதியில் எத்தனையோ பேர் சீட்டி அடிக்கிறார்கள். அந்த ஓட்டை வேறு யாருக்கு இருக்கிறது?

முதன்முதலில் அதைக் கேட்டது உங்களுக்கு முதல் திதி கொடுத்த பிறகு. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று மகள் சென்னையிலிருந்து வந்து, நாம் தினமும் காலை நடந்த அந்த வனத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருக்கும் இயற்கை மையத்தில் எதுவும் மாறவில்லை. கண்ணாடிக் குப்பிகளில் விதைகள், பாம்புச் சட்டை, குழந்தைகள் தொட்டுத் தொட்டு மழுங்கிப்போன முள்ளம்பன்றி முள். நீங்கள் பொறுக்கி வந்து கொடுத்த செம்மரக் காய்கள்கூட அதே தட்டில். அவற்றின் காய்ந்த வாசனையை முகர்ந்துகொண்டு நின்றபோது ஜன்னலுக்கு வெளியே சீட்டி கேட்டது.

நான் யோசிக்கக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ‘வாமே, போலாம்’ என்று அதற்கு அர்த்தம். நம் இருவருக்கு மட்டுமே தெரிந்த அர்த்தம். வெளியே யாரும் இல்லை. மூங்கில் பக்கம் போகும் மண்பாதை வெறிச்சென்று கிடந்தது. மறுபடியும் சீட்டி. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நைனா சீட்டி மாதிரியே கீதும்மா” என்றாள் மகள். சென்னைக்குப் போய் அவள் விட்டுவிட்ட நம்மூர்ப் பேச்சு, பயத்தில் தானாக வாயில் வந்தது.

பாகாலா ஊரிலிருந்து வந்து மையத்தில் வேலை பார்க்கும் பெண் ஓடிவந்தாள். “அம்மா, பயப்படாதீங்க. அது பிட்ட, அம்மா!” தெலுங்கில் பிட்ட என்றால் பறவை. வாலில் இரண்டு நீளக் கம்பியும், கம்பி நுனியில் துடுப்புமாக ஒரு கரிச்சான் மூங்கிலில் உட்கார்ந்திருந்தது. “எது கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். சார் தினம் அடிச்சிக்கினே இருந்தாரு இல்ல, கத்துகிச்சு” என்றாள்.

கல்யாணமான புதிதில், நகரிப் பக்கத்து உங்கள் வீட்டில், பெரியவர்கள் எதிரில் என் பெயரைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம். உங்கள் பெயரை நான் எங்குமே சொல்லக் கூடாது. கிணற்று மேட்டிலிருந்து ஒரு சீட்டி அடித்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிடுவீர்கள். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்ததுண்டா? “வர்றனா இல்லையான்னு பாக்க மாட்டீங்களா?” என்று சண்டை போட்டால், “நீ வராம எங்கமே போவே?” என்பீர்கள். அந்தத் திமிர்தான் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். பதிலுக்கு நானும் உதட்டைக் குவித்துப் பார்த்தேன். உங்கள் அம்மா பார்த்துவிட்டார். “பொம்பள சீட்டி அடிக்கறதா? இன்னாடி பழக்கம் இது?” அத்தோடு விட்டுவிட்டேன்.

நகர வனத்தில் ஒரு நாள் நான் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஏதோ குருவியின் பின்னாலேயே போய்விட்டீர்கள். வெயில் ஏறிவிட்டது, ஆளைக் காணோம். மைக்கில் கூப்பிடுகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றார் காவலாளி. நான் எப்படிச் சொல்வது? “மலைமேல கீற சாமி பேரு” என்றேன். “அம்மா, திருப்பதியில பாதி பேருக்கு அதானம்மா பேரு” என்று தலையில் அடித்துக்கொண்டு, அதையே மைக்கிலும் சொல்லிவிட்டார். வேங்கடேசன், சீனிவாசன், கோவிந்தன் என்று ஊர்ப்பட்ட கிழவர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். நீங்கள் மட்டும் வரவில்லை. தூரத்திலிருந்து சீட்டிதான் வந்தது.

அன்று, அது வெறும் கரிச்சான் என்று தெரிந்தும் மகள் சிரிக்கவில்லை. “இங்க வேணாம்மா. அது கூப்பிடக் கூப்பிட நீ போய்க்கினே இருப்ப. என்கூடவே வந்துடு” என்றாள். அவள் பயம் பொய்யில்லை. செத்தவர் ‘வாமே, போலாம்’ என்றால் எங்கே போவது? போய்விட்டால்தான் என்ன என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றியது. ஆனாலும் அவளை அனுப்பிவிட்டுத் தினமும் காலையில் போனேன். மூங்கிலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டுவிட்டு, அழுதுவிட்டு வருவேன். உங்கள் குரல் போனில்கூட இல்லை. மிச்சமிருந்தது அந்தச் சீட்டி மட்டும்தான்.

போன வாரம் அந்த ஓட்டை வரவில்லை. சீட்டி வழவழவென்று வந்தது, யாரோ வேற்று ஆள் மாதிரி. மறுநாள் சீட்டியே இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலையும் தையல்சிட்டின் குரலையும்தான் கலந்து கரிச்சான் கத்திக்கொண்டிருந்தது. பாகாலாப் பெண்ணிடம் கேட்டேன். “கேக்காததைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடும்மா” என்றாள். கூப்பிடுகிறதே என்று பயந்தவளுக்கு, கூப்பிடாமல் போய்விடுமோ என்று நடுங்கிப்போயிற்று. நீங்கள் இரண்டாம் தடவை சாவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அன்றிலிருந்து சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டி பழகினேன். முதலில் வெறும் காற்று. பிறகு எச்சில். உங்கள் அம்மா எங்கிருந்தாலும் மன்னிக்கட்டும்.

இன்று காலை பெஞ்சில் உட்காராமல் பாதையிலேயே நின்று அடித்தேன். சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று. நடுவில் புஸ்ஸென்று காற்றுப் போயிற்று. எனக்கும் இப்போது முன்பல் இல்லை. உங்களிடம் சொல்ல வாய்க்கவில்லை. கரிச்சான் சட்டென்று அடங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அப்படியே திருப்பிச் சொல்லிற்று, ஓட்டையோடு.

மகளுக்குப் போன் செய்து, நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் போய்விடமாட்டேன், பயப்படாதே என்றும் சொன்னேன். இனிமேல் கூப்பிடுகிறவள் நான்தானே.

வனத்தின் வாசலுக்கு வரும்போது இன்னொரு தடவை சீட்டி அடித்துவிட்டு முன்னால் நடந்தேன். பின்னால் சருகு சரசரத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் வராமல் எங்கே போவீர்கள்?