மேகலா பிழைத்துக்கொண்டாள், அக்கா

என் அன்பு சரசக்கா,

உங்க மகள் மேகலாவுக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்களுக்குத்தான் இதை முதலில் சொல்லணும்.

ஓரகத்தியாக வந்த என்னை நீங்க தங்கச்சி என்றுதான் கூப்பிட்டீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்தில் வீட்டிலேயே பிரசவம். மேகலா பிறந்த பிறகு உங்களுக்கு உதிரம் நிற்கவில்லை. கெட்ட ரத்தம்தானே, போகட்டும் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். உங்க முகம் வெளுத்த பிறகுதான் வண்டி தேடினோம். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போய்ச் சேரும் முன்னே போயிட்டீங்க. என் மகனோடு சேர்ந்து மேகலாவும் என் பாலில்தான் வளர்ந்தாள்.

அவள் மாசமாக இருக்கிறாள் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கு வரும் நர்ஸம்மாவிடம் உங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளச் சொன்னாங்க. அங்கே அவளுக்குப் பொருந்தும் ரத்தத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள்.

பிரசவ அறையில் நான்தான் கூட இருந்தேன். குழந்தை வந்ததுமே ஊசி போட்டார்கள். அப்படியும் உதிரம் கொட்டியது. ஒரு நர்ஸ் அடிவயிற்றை விடாமல் அழுத்திப் பிசைந்தாள். இன்னொருத்தி டிரிப்பில் மருந்து ஏற்றி, ரத்தப் பையையும் மாட்டினாள். மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் போயிருவனாம்மா?" என்றாள். நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். அந்த நர்ஸ்தான், வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே, "எங்கயும் போக மாட்டே சாமி. கர்ப்பப்பை சுருங்குது, எனக்குக் கையில தெரியுது" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக உதிரம் அடங்கியது. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கு அன்று இப்படி அழுத்திப் பிடிக்க ஒரு கை இல்லாமல் போச்சே, ஏனக்கா?

நேற்று பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மேகலா கேட்டாள், "எங்கம்மா என்னைப் பார்த்தாங்களா?" இத்தனை வருசத்தில் அவள் கேட்டதே இல்லை. நீங்க பார்த்தீங்க என்றும், நெஞ்சுமேல் போடச் சொல்லி வாங்கி, தலையைத் தடவிக்கொண்டே இருந்தீங்க என்றும் சொன்னேன். அவளும் தன் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்ட வந்திருக்கிற பொண்ணும் மாசமாக இருக்கிறாள். இன்னும் எங்கேயும் காட்டவில்லையாம். நாளைக்கு நானே அவளை நர்ஸம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன். வலி வரும்போதும் அவளோடு போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு, அக்கா.

உங்க மகளை வளர்த்த தங்கச்சி,
கமலா