துவைத்த சட்டைக்கு ஒரு சான்றிதழ்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து குளியலறையில்தான் இருக்கிறேன். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். துணியைச் சோதிக்கும் புற ஊதா விளக்குக்கு இருட்டு வேண்டும். கணவன் கதவைத் தட்டினான். "உள்ள யாரு, நீயா ராணுவமா?"

உண்மை என்றால் என்ன என்று மூன்று வருடம் கல்லூரியில் படித்தேன். இப்போது பழைய ராணுவச் சட்டைகளின் பொத்தான்களைப் பார்க்கிறேன். இலைதழைக்குள் ஒளிந்துகொள்வதற்காகப் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அப்பிய துணி. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைப்பவர்களுக்கு, அசலா போலியா என்று சான்றிதழ் எழுதித் தருகிறேன். இதுவரை நூற்று நாற்பது.

மார்ச் 4, புதன்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இறந்துபோன தன் அப்பாவின் சட்டையோடு வந்தார். போருக்குப் போனவர்களுக்கு நினைவுக்கல் வைக்கிறார்கள். அதில் அப்பா பெயர் வர வேண்டும். பதிவேடுகள் எரிந்துபோயின. காலருக்குள் அவர் எண் அச்சடித்த இந்தச் சட்டைதான் ஒரே சாட்சி. எங்கள் சேகரிப்பாளர் சங்கம் அசல் என்றால் பெயர் ஏறும்.

விளக்கைப் போட்டேன். சட்டை முழுக்க நீல வெளிச்சம். அந்தக் காலத்துப் பருத்தி ஒளிராது, புதுத்துணிதான் ஒளிரும். வேறெதுவும் பார்க்கத் தேவையில்லை. "போலி" என்று எழுதினேன்.

"அப்போ எங்கப்பா?" என்றார்.

"நான் சட்டையைப் பத்தி மட்டும்தான் சொல்றேன் சார்."

மார்ச் 5, வியாழன்

நேற்று அவர் படி வழியாக இறங்கிப் போனார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 14, சனி

துவைத்துவிட்டான்.

என் சேகரிப்பிலேயே பழைய சட்டையை. சங்கத்தில் நான்கு பேர் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டுக் காத்திருக்கும் சட்டையை. கொடியில், கணவனின் பனியனுக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட.

"எழுபது வருஷ வேர்வை. பீரோவே நாறுது."

"அது வேர்வை இல்ல, வரலாறு!"

"வரலாறு ரெண்டு தண்ணியில போயிடுச்சு."

கத்தினேன். அழுதேன். காய்ந்ததும் சேதத்தைப் பார்க்கக் குளியலறைக்குக் கொண்டுபோனேன்.

நீலம்.

சோப்புத்தூள் — பளிச்சென்று தெரிய அதில் எதையோ சேர்க்கிறார்களே, அது ஒளிர்கிறது. எனக்குத் தெரியாததா? இந்த வேலையில் இறங்கிய முதல் வருடமே படித்தது. ஆனால் சேகரிப்பவர்கள் யாரும் துவைப்பதில்லை. அதனால் உலகத்தில் யாருமே துவைப்பதில்லை என்று நினைத்துவிட்டேனா? ஒரு சட்டையைப் பார்த்து, இதை யாராவது போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

அந்த மெக்கானிக்.

மார்ச் 15, ஞாயிறு

அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா கதவைத் திறந்தார்.

"அந்தச் சட்டையைத் துவைப்பீங்களாம்மா?"

"பின்ன? அழுக்கோடவா வெச்சுக்குவாங்க?" வாரா வாரம் துவைத்தாராம். கணவர் போன பிறகும் நிறுத்தவில்லையாம்.

தையலின் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி எரித்தேன். உருகவில்லை. சாம்பலானது, செயற்கை இழை கலக்காத பருத்தி நூல். பாக்கெட்டின் உட்புறம் வெயிலே படாத பழைய சாயம். நெசவு, பொத்தான், எண் எல்லாம் சரி. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியவை.

"அசல்தான்மா. மன்னிச்சிடுங்க."

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். அம்மாவுக்குச் சந்தோஷம் இல்லை.

"நீ போலின்னு சொன்னப்ப, நாப்பது வருஷம் ஏமாத்திட்டாரே மனுஷன்னு ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் ஒரு நிம்மதி. அப்போ இவர் யாரையும் சுட்டிருக்க மாட்டாருன்னு."

சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "சட்டை நிஜம்னா, சுட்டாரா?"

"சட்டை அதைச் சொல்லாதும்மா."

"பின்ன என்னத்தைத்தான் சொல்லும்?"

மார்ச் 21, சனி

சங்கக் கூட்டம். தலைவர் பல் டாக்டர். ராணுவத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'தளபதி'. முழுக்க முழுக்க இலைத்திட்டு உடுப்பில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை.

மெக்கானிக்கின் சட்டைக்குத் தந்த சான்றிதழை வாபஸ் வாங்குகிறேன் என்றேன்.

"ஒண்ணு தப்புன்னா நூத்தி நாப்பத்தொண்ணும் சந்தேகம்தான்," என்றார். "அதுல பதினொண்ணு என்னோடதும்மா."

தங்களுக்குள் அரைமணி நேரம் குசுகுசுத்தார்கள். பிறகு பூதக்கண்ணாடி வந்தது. என் கையெழுத்தைப் பழைய சான்றிதழ்களோடு ஒப்பிட்டார்கள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தீர்மானம்: சான்றிதழ்தான் போலி. யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள்.

"நான்தாங்க போட்டேன்! என் மேஜையில, என் பேனாவுல!"

"உணர்ச்சிவசப்படாதம்மா. இந்தச் சுழி சாஞ்சிருக்கு பாரு. உன்னோடது நேரா இருக்கும்."

பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. ஒரு கணம் நானே நம்பிவிட்டேன்.

போலிச் சான்றிதழ் செல்லாது. ஆகவே சட்டை அசல். ஆகவே பெயர் கல்லில் ஏறும். இதற்கு நிபுணரின் ஒப்புதல் வேண்டுமாம். நிபுணர் நான்தான். அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதுவும் சாய்ந்துதான் விழுந்தது. யாரும் பூதக்கண்ணாடியைத் தேடவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கணவனிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் வந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

கல் திறப்பு. அவர் பெயர் கீழிருந்து மூன்றாவது. மெக்கானிக் படமாக எடுத்துத் தள்ளினார்.

கூட்டம் கலையும்வரை அம்மா ஓரமாகக் காத்திருந்தார். பிறகு கல்லுக்கு நேராகப் போய் நின்றார். உதடு அசைந்தது.

"என்னம்மா வேண்டிக்கிட்டே?"

"வேண்டல. கேட்டேன்."

மகனுக்குப் புரியவில்லை. சிரித்தார். "என்ன சொன்னாரு?"

"நாப்பது வருஷம் கேக்காம இருந்தது நானு. கேட்ட உடனே சொல்லுன்னா எப்படிச் சொல்லுவாரு?"

அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, கல்லைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நீங்க போங்க. நான் இருந்து வர்றேன்."