புல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

ஜூன் 3
காலையில் எங்கள் சின்ன விமான கிளப்பின் ஓடுதளத்துப் புல்லை வெட்டினேன். மதியம் மடக்கு நாற்காலியை ஓரமாகப் போட்டு மார்க் அட்டைகளோடு உட்கார்ந்தேன். முழங்கால் போய் நான் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து, விமானம் இறக்குகிறவர்களுக்கு மார்க் போடுவதுதான் என் உத்தியோகம். என் சிநேகிதன் ஹால்வர் அவனுடைய பழைய மஞ்சள் விமானத்தில் வந்தான். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் செய்தது. தரையில் மூன்று தரம் குதித்தது. பத்துக்கு மூன்று என்று அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
“எதுக்குடா மூணு?”
“குதிக்கு ஒண்ணு. இறங்கினதுக்கு சைபர்.”

ஜூன் 9
இன்றும் குதி. ஆள் உயரத்தில் இருக்கும்போதே மூக்கைத் தூக்கிவிடுகிறான். வேகம் செத்துப் பொத்தென்று விழுகிறது. எங்களில் அவன்தான் பூ மாதிரி இறக்கிக்கொண்டிருந்தவன். அப்புறம் எனக்குக் காப்பி ஊற்றினான், கோப்பைக்கு வெளியே. விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10
ஒரு கண்ணு போயிருக்கு அவனுக்கு. கோப்பை எங்க, தரை எங்க இருக்குன்னே தெரியல.

ஜூன் 12
கண்ணைப் பற்றி ஹால்வரிடம் சொல்லிவிட்டேன். “சரி, இதுல எங்க சிரிக்கணும்?” என்று கேட்டான். அவன் விமானத்தின் வாலில் மாட்டு மணி கட்டியவன் நான். இறக்கையில் கரையான் என்று சொல்லி அரை நாள் தேடவிட்டவன். என்னை எப்படி நம்புவான்? இந்த மாதிரி சின்ன விமானம் ஓட்ட டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம், கார் லைசென்ஸ் இருந்தால் போதும் என்கிறது சட்டம். ஞாயிறு அவனுக்கும் அவன் மனைவி சோல்வெய்குக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். அவளை ஏரிக்கு அந்தப் பக்கம் பறந்து கூட்டிப்போய்க் காலைச் சாப்பாடு வாங்கித் தரப் போகிறானாம்.

ஜூன் 14
சோல்வெய்கிடம் போய்க் கண் விஷயத்தைச் சொன்னேன். லெஃப்சா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.
“நீங்க சொன்ன எதை நான் நம்பியிருக்கேன், அர்விட்?”
நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எதிரே உட்கார்ந்துவிட்டாள். வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.
“காப்பி கொட்டறதை நானும் பாக்கறேன். ஆனா அவர் கூப்பிட்டா ஏறுவேன். நான் ஏறலைன்னா அவர் உடைஞ்சிடுவார்.”
ஞாயிறுக்கு வாங்கிய புது ஸ்கார்ஃப் நாற்காலியில் தொங்கியது.

ஜூன் 15, சனி
நாளைக்கு அவளை ஏற்றுவதற்கு முன் இன்று என்னை ஏற்று என்று ஹால்வரிடம் சொன்னேன். நன்றாக இறக்கினால் பத்து காட்டுவேன், வாயையும் மூடிக்கொள்வேன். அவன் ஓட்டுவது பின் சீட்டிலிருந்து; முன் சீட்டில் இருக்கிற இன்னொரு ஓட்டுப்பிடியை நான் தொடக் கூடாது என்றான். சரி என்றேன். மதியம் போகிறோம்.

ஜூன் 20
இடது கையால் எழுதுகிறேன். வலது தோள் எலும்பு முறிந்திருக்கிறது.
திரும்பி வந்து இறங்கும்போது புல் இன்னும் கீழே இருந்தது. மூக்கைத் தூக்கினான். “இன்னும் இருக்குடா” என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது. விழுந்தோம். ஒரு சக்கரக் கால் மடங்கி, இறக்கை மண்ணில் குத்தி, சுற்றிக்கொண்டு நின்றது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. இறங்கி நின்று இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிடி என் முழங்காலுக்கு நடுவில்தான் இருந்தது. தொட்டிருக்கலாம். தொடல. தொட்டிருந்தா, உன்னாலதான் கெட்டுதுன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை அவளை ஏத்தியிருப்பான்.
இல்ல — கை பயத்துல உறைஞ்சு போச்சா? தெரியல.

ஜூலை 2
என்னைப் பார்க்க ஹால்வர் வரவில்லை. சோல்வெய்க் மட்டும் கேக் கொண்டுவந்தாள். ஞாயிறு காரில்தான் போனார்களாம். அவள் ஓட்டினாளாம்.

ஜூலை 21
தோள் கட்டோடு ஓடுதளத்து ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி விரிகிற சத்தம். ஹால்வர். முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.
“அன்னைக்கு எவ்வளவு உயரத்துல இருந்தோம்?”
“ஆறடி.”
“புல்லு சக்கரத்தைத் தொடுதுன்னு நெனச்சேன்.”
கேலி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.
நீல விமானம் ஒன்று இறங்க வந்தது. அவன் என் மடியிலிருந்த அட்டைகளை எடுத்துக்கொண்டான்.
“சக்கரம் புல்லைத் தொட்டதும் சொல்லு” என்றான்.
சொன்னேன்.